மாவுப்பூச்சி ஒழிப்பு, பொன்னி ஃப்ளாட்ஸ்

உட்காருங்க தம்பி. 2சி பார்க்க வந்தவர்தானே? சாவி என்னிடம் இல்லை, வீட்டுக்காரரிடம்தான் இருக்கிறது. அவர் ஸ்ரீரங்கத்திலிருந்து வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காவிரிப் பாலத்தில் மாட்டினால் முக்கால் மணி நேரம் ஆகிவிடும். இது கார் நிறுத்துகிற இடம்தான், ஆனால் காற்று வரும். அந்த நாற்காலி வேண்டாம், இதில் உட்காருங்க. அது இலை கொண்டுவருகிறவர்களுக்கு.

பையில் செடி ஏதும் இல்லையே? கேட்டு வைப்பது என் கடமை. இல்லையென்றால் சரி.

மேசையைப் பார்க்கிறீர்கள். பூதக்கண்ணாடி, டார்ச், சோப்புத் தண்ணீர் டப்பா, நோட்டு. வாட்ச்மேன் மேசை என்று நினைத்திருப்பீர்கள். எல்லோரும் முதலில் அப்படித்தான் நினைக்கிறார்கள். போன வாரம் கூரியர்காரர் என்னிடம் ஒரு பார்சலைக் கொடுத்துக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். ஆனால் இது வாட்ச்மேன் மேசை இல்லை. அலுவலகம்.

என் பெயர் வைத்திலிங்கம். 1பி. மாநகராட்சியில் சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். முப்பத்து நான்கு வருஷம். கொசுப்புழு இருக்கிறதா என்று வீடு வீடாகப் போய்த் தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்ப்பார்களே, அந்த வேலை. உறையூரில் நான் எட்டிப் பார்க்காத தொட்டி கிடையாது.

அதில் ஒரு முறை இருக்கிறது தம்பி. உங்கள் தொட்டியில் புழு இருக்கிறது என்று வாயால் சொன்னால் ஒருத்தரும் நம்ப மாட்டார்கள். "நேத்துதான் சார் தேய்ச்சுக் கழுவினோம்" என்பார்கள். அதனால் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் நாலைந்து புழுவைத் தண்ணீரோடு பிடித்து மூடிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வேன். வாசலில் நின்று குப்பியை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டுவேன். உள்ளே நெளியும். "இதாம்மா புழு. இதான் உங்க தொட்டியிலயும் இருக்கு" என்பேன். அந்த அம்மா முகம் அப்படியே மாறிவிடும். அன்றைக்கே தொட்டியைக் கவிழ்த்துவிடுவார்கள். மாதிரி காட்டாமல் மக்களுக்கு எதுவும் புரியாது. சர்வீஸில் நான் கற்றுக்கொண்டது பல விஷயம், ஆனால் முதல் விஷயம் அதுதான்.

ஓய்வு பெற்று இரண்டு வருஷம் சும்மா இருந்தேன். இந்தக் கட்டடத்தில் எல்லோரும் நல்லவர்கள். படியில் பார்த்தால் "நல்லாருக்கீங்களா சார்" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் ஏறிப் போய்விடுவார்கள். தப்புச் சொல்லவில்லை, அவரவர் வேலை. ஆனால் முப்பத்து நான்கு வருஷம் செத்த நாயிலிருந்து கல்யாண மண்டபச் சமையல்கட்டு வரை எல்லாவற்றுக்கும் ஊர் என்னிடம் கருத்துக் கேட்டது. அப்புறம் ஒரு நாள் காலையில் என்னிடம் கேட்கிற ஒரே கேள்வி, கொத்தமல்லி வாங்கியாச்சா என்பது. மொட்டைமாடித் தொட்டி மூடி சரியில்லை என்று சங்கத்துக்கு இரண்டு பக்கத்தில் கடிதம் எழுதினேன். "அது போன வாரமே மாத்தியாச்சு சார்" என்று பதில் வந்தது. போய்ப் பார்த்தேன். மாற்றித்தான் இருந்தார்கள்.

அதனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். போன மாசி மாதக் கடைசியில் எங்கள் பால்கனிச் செம்பருத்தியில் அதைப் பார்த்தபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

மொட்டுக் காம்பைச் சுற்றிப் பஞ்சை ஒட்டி வைத்தது மாதிரி வெள்ளை வெள்ளையாக இருந்தது. விரலால் தொட்டால் பிசுபிசு என்று ஒட்டுகிறது. எறும்பு வரிசையாக ஏறி இறங்குகிறது. கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். பஞ்சுக்குள் கால் தெரிந்தது. மாவுப்பூச்சி.

என் மனைவி கோமதி வந்து எட்டிப் பார்த்தாள். "அந்தக் கிளைய வெட்டி, கவர்ல போட்டுக் கட்டி, குப்பை வண்டியில குடுத்துருங்க. மிச்சத்துக்குச் சோப்புத் தண்ணி அடிச்சா போச்சு."

"எங்கேருந்து வந்துச்சுன்னு கண்டுபிடிக்க வேண்டாமா?"

"நர்சரியிலேருந்து வந்திருக்கும். போன மாசம்தானே வாங்கிட்டு வந்தீங்க?"

இது சாதாரண ஜனங்கள் பேசுகிற பேச்சு. நோய் ஓரிடத்தில் தெரிந்தால் நாம் அந்த இடத்தைப் பார்க்கக் கூடாது, அதற்கு மேலே பார்க்க வேண்டும். எங்களுக்கு மேலே 2பி. அங்கே சரண்யா என்று ஒரு பெண், கம்ப்யூட்டர் கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே செய்கிறது. ஜன்னலில் நாலு தொட்டி. அதற்கு மேலே 3பி. அங்கே பிலோமினா டீச்சர், பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுக்கிறவர். பால்கனி முழுக்க முப்பத்தொரு தொட்டி. நான் கீழே நின்று எண்ணியிருக்கிறேன். முப்பத்தொரு தொட்டி இருக்கிற வீட்டிலிருந்து விழாமல் வேறு எங்கிருந்து விழும்?

"நடுவுல 2பி இருக்கே, அதைத் தாண்டி எப்படிக் குதிச்சுச்சாம்?" என்றாள் கோமதி.

"காத்து."

அவள் உள்ளே போய்விட்டாள். நான் நோட்டு எடுத்தேன்.

மார்ச் எட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, சரியாகப் பத்து மணிக்கு முதல் ஆய்வு. வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு, கையில் கண்ணாடி, கத்தரிக்கோல். மாதிரிக்கு எங்கள் செம்பருத்தியில் பூச்சி அடர்த்தியாக இருந்த ஒரு கொத்தை நறுக்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். குப்பி வேண்டியதில்லை, இதற்குத் தண்ணீர் கிடையாது பாருங்கள்.

முதலில் பக்கத்து வீடு, 1ஏ. அன்வர்தீன் பாய், பெரியகடை வீதியில் பாத்திரக் கடை. அவர் வீட்டில் இரண்டு தொட்டி, ஒரு ரோஜா, ஒரு மல்லிகை.

"பாய், இதைப் பாருங்க" என்று கொத்தை எடுத்துக் காட்டினேன்.

அவர் இரண்டடி பின்னால் போனார். "யா அல்லாஹ். என்ன சார் இது, நகருது?"

"மாவுப்பூச்சி. இது உங்க செடியில இருக்கான்னு பாக்கணும்."

கொத்தை அவருடைய ரோஜாக் கிளை மேல் வைத்தேன். பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தானே வித்தியாசம் தெரியும்? இரண்டையும் கண்ணாடி வைத்து நிதானமாக ஒப்பிட்டேன். ரோஜாவில் இல்லை. இலைகளைத் துண்டால் ஒவ்வொன்றாகத் துடைத்துவிட்டேன். நோட்டில் 'இல்லை' என்று எழுதினேன். பாய் வாசல் வரை வந்து, "ரொம்ப நன்றி சார். இந்தக் காலத்துல யாரு இப்படிப் பாக்குறாங்க" என்றார். இரண்டு வருஷத்துக்குப் பிறகு ஒருத்தர் என் ஆய்வுக்கு நன்றி சொல்கிறார். படியேறும்போது முட்டி வலிகூடத் தெரியவில்லை.

சரண்யா வீட்டில் ஒவ்வொரு செடிக்கும் பெயர் வைத்திருக்கிறது. "இது டிங்கு சார். குரோட்டன்ஸ். ரொம்பக் கூச்ச சுபாவம், தொட்டா இலை உதிர்த்துரும்."

"அரசாங்கம் தொட்டா ஒண்ணும் ஆகாதும்மா" என்று சொல்லித் துடைத்தேன். நோட்டில் 'டிங்கு, இல்லை' என்று எழுதினேன். ஆய்வில் எந்தப் பெயரையும் நாம் மாற்றக் கூடாது.

3பியில் மட்டும் வரவேற்பு சரியில்லை. டீச்சர் கதவைப் பாதி திறந்தார். நான் பைக்குள் கையை விட்டேன்.

"சார், அதை வெளியே எடுக்காதீங்க" என்றார்.

"மாதிரி, டீச்சர்."

"தெரியுது சார். இங்கிருந்தே தெரியுது. நான் நம்புறேன். உள்ள பரீட்சைப் பேப்பர் பரப்பி வெச்சிருக்கேன், அடுத்த வாரம் பாக்கலாமா?"

அடுத்த வாரமும் பேப்பர். அதற்கடுத்த வாரமும் பேப்பர். ஒரு வகுப்பில் எத்தனை பிள்ளைகள் படிக்கிறார்கள் என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. முப்பத்து நான்கு வருஷத்தில் கதவைப் பாதி திறந்த வீட்டில்தான் புழு இருந்திருக்கிறது.

இப்போது நோட்டைப் படிக்கிறேன், கேளுங்க. மார்ச் எட்டு: 1பி இருக்கிறது, பார்த்த மற்ற வீடுகளில் இல்லை. பதினைந்து: 1ஏ ரோஜா, இருக்கிறது. இருபத்திரண்டு: 1சி, 2ஏ, இருக்கிறது. இருபத்தொன்பது: 2பி டிங்கு, இருக்கிறது. 3ஏ, இருக்கிறது. ஏப்ரல் ஐந்து: 3சி, இருக்கிறது. உங்கள் 2சி காலி, செடி இல்லை. 3பி, உள்ளே விடவில்லை.

கவனித்தீர்களா? நான் ஏறிப் போகிற வரிசையிலேயே வந்திருக்கிறது. ஒரு வீடு முன்பின் இல்லை. அனுபவம் என்பது அதுதான் தம்பி. எந்த வீட்டுக்கு ஆபத்து முதலில் வருமோ, அந்த வீட்டுக்குக் கால் தானாக முதலில் போகிறது.

கோமதிகூடக் கவனித்துவிட்டாள். ஒரு நாள் என் சட்டையைத் துவைக்கப் போடும்போது பையை வெளியே இழுத்து உதறிப் பார்த்தாள். "ஏங்க, நீங்க போற வழியிலேயே அதுவும் போகுதே?"

"ஆமா. நான் விடாமத் துரத்துறேன்ல?"

அவள் அந்தச் சட்டையை வேறு வாளிக்கு மாற்றினாள். அன்றிலிருந்து என் சட்டையையும் துண்டையும் தனியாக வெந்நீரில் ஊறவைக்கிறாள். காலர் அழுக்காம்.

இதற்குள் கட்டடம் கலங்கிவிட்டது. பாய் அவசரக்காரர். ரோஜா, மல்லிகை இரண்டையும் தொட்டியோடு குப்பை வண்டியில் ஏற்றிவிட்டார். மல்லிகை அவர் வீட்டு அம்மா எட்டு வருஷமாக வளர்த்தது. அந்த அம்மா இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை என்று கேள்விப்பட்டேன். டிங்குவுக்கு உச்சியில் இரண்டே இலை மிச்சம். சரண்யா கண் கலங்கியது. வாட்ஸ்ஆப் குழுவில், இனி எந்த பால்கனியிலும் தொட்டியே வைக்கக் கூடாது என்று 1சிகாரர் எழுதினார். அதற்கு நாலு பேர் கட்டைவிரலைத் தூக்கினார்கள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தொட்டியே இல்லையென்றால் ஆய்வு எங்கே நடக்கும்? அதாவது, மக்கள் என்ன ஆவார்கள்?

அதனால் நானே கூட்டம் கூட்டினேன். ஏப்ரல் பன்னிரண்டு, சாயங்காலம் ஐந்து மணி, இதோ இதே இடத்தில். எல்லோரும் வீட்டு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நான் நோட்டோடு எழுந்து நின்றேன்.

"ஏழு வீட்டில் பூச்சி இருக்கு. ஒரே ஒரு வீட்டில் இல்லை. 3பி. முப்பத்தொரு தொட்டியில ஒரு பூச்சிகூட இல்லைன்னு அவங்களே சொல்றாங்க. எப்படி? அனுப்பின வீட்டில் எப்படிங்க இருக்கும்?"

"அது என்ன சார் பார்சலா, அனுப்புறதுக்கு?" என்றது சரண்யா. சில பேர் சிரித்தார்கள்.

"டீச்சர் தன் தொட்டிகளை அப்புறப்படுத்தணும். அது ஒண்ணுதான் வழி. மத்தவங்க தொட்டி இருக்கட்டும்" என்று முடித்தேன்.

டீச்சர் கோபப்படவில்லை. அந்த அம்மாவுக்கு அந்தத் தொட்டிகள் என்றால் உயிர். காலையில் பள்ளிக்கூடம் போகுமுன் ஒவ்வொன்றையும் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் இறங்குவார். முகம் மட்டும் வெளிறிப் போயிருந்தது. "சார், அந்த நோட்டைக் கொஞ்சம் தர்றீங்களா?" என்றார்.

கொடுத்தேன். என் எழுத்தை ஒருத்தர் அவ்வளவு கவனமாகப் படித்து நான் பார்த்ததில்லை. விடைத்தாள் திருத்துகிற மாதிரி விரலை வைத்து ஒவ்வொரு தேதியாகப் போனார். கடைசிப் பக்கம் வந்ததும் முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போனார். பிறகு என் சட்டைப் பையைப் பார்த்தார்.

"சார், அந்த மாதிரிக் கொத்து, முதல் வாரம் எடுத்ததையே வெச்சிருக்கீங்களா?"

"அது எப்படி டீச்சர்? வாடிப் போயிடுமே. வாராவாரம் புதுசு. முந்தின வாரம் எந்த வீட்டில அதிகமா இருந்துச்சோ, அங்கேருந்து எடுப்பேன். உயிரோட இருந்தாத்தானே ஜனங்களுக்குப் புரியும்?"

பாய் ரொம்ப மெதுவாக "யா அல்லாஹ்" என்றார். சரண்யா வாயைத் திறந்தது. டீச்சர் அதன் மணிக்கட்டின் மேல் கையை வைத்தார். நான் திரும்பிக் கோமதியைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் மாதிரி இருந்தது. என் வேலை எவ்வளவு நுணுக்கமானது என்று அவளுக்கே அன்றைக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும்.

1சிகாரர்தான் முதலில் எழுந்தார். "அப்ப, இவர்தானே இத்தனை நாளா…" என்று விரலை நீட்டினார்.

"ஆமா" என்று டீச்சர் குறுக்கே விழுந்தார். "இவர்தான் இத்தனை நாளா தனியா அலைஞ்சுக்கிட்டிருக்கார். இந்த வயசுல மூணு மாடி. நம்ம எல்லாரும் சும்மா உக்காந்து பாத்துக்கிட்டிருந்தோம். எனக்கு வெக்கமா இருக்கு."

1சிகாரர் விரலை மடக்கிக்கொண்டார். டீச்சர் என் பக்கம் திரும்பினார்.

"சார், கமிஷனர் வீடு வீடாப் படி ஏறுவாரா?"

"மாட்டார்."

"எங்க இருப்பார்?"

"ஆபீஸ்ல."

"ஃபைல்?"

"அவர்கிட்ட வரும்."

"அவ்வளவுதான் சார். நீங்க கீழ உக்காருங்க. வாரா வாரம் ஒவ்வொரு வீட்டிலேருந்தும் ஒரு இலை உங்ககிட்ட வரும். மூடின கவர்ல வரும். நீங்க பாத்துட்டு அதை அப்படியே சோப்புத் தண்ணியில போட்டுரணும். செடிக்கு என்ன செய்யணும்னு உத்தரவு எழுதிக் குடுங்க. அவங்கவங்க செஞ்சுக்குவாங்க. நீங்க எந்தச் செடியையும் தொடக் கூடாது. உங்க தகுதிக்கு அது சரியில்ல."

கூட்டத்தில் எல்லோரும் ஒரே குரலில் ஆமாம் ஆமாம் என்றார்கள். கோமதி எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னாள். இந்தக் கட்டடத்தில் ஒரு தீர்மானம் எதிர்ப்பில்லாமல் நிறைவேறியது அன்றைக்குத்தான். பெயின்ட் நிறத்துக்கே ஏழு மாதம் சண்டை போட்டவர்கள் இவர்கள்.

டீச்சர் வீட்டுத் தொட்டிகளை எடுக்க வேண்டியதில்லை என்று நான் பெரிய மனதோடு விட்டுக்கொடுத்தேன். மேசை அவர்கள் வீட்டிலிருந்துதான் வந்தது. பாய் இந்த நாற்காலியைக் கொடுத்தார்.

உத்தரவை நான் அன்றைக்கே எழுதினேன். பூச்சி அடர்ந்த கிளையை வெட்டிக் கவரில் கட்டிக் குப்பையில் கொடு. மிச்சத்தைக் குழாய்த் தண்ணீரை வேகமாக அடித்துக் கழுவு, இலைக்கு அடிப்பக்கம் மறக்காதே. ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெய், நாலு சொட்டு சோப்புக் கரைசல், நன்றாகக் கலக்கி, வெயில் தாழ்ந்த பிறகு தெளி. வாரம் ஒரு முறை, நாலு வாரம். பூச்சி பிடித்த தொட்டியைத் தனியாகத் தள்ளி வை. எறும்பை ஏறவிடாதே, எறும்புதான் இதைத் தூக்கிக்கொண்டு போய்ச் செடிக்குச் செடி குடிவைக்கிறது. ஒரு செடியைத் தொட்ட கையைக் கழுவாமல் அடுத்ததைத் தொடாதே. கடைசி வரி டீச்சர் சேர்க்கச் சொன்னது. நல்ல வரிதான், சேர்த்துக்கொண்டேன். எறும்புக்கு அது தெரியுமா என்று கேட்டேன், டீச்சர் சிரித்தார்.

கோமதி முதல் நாள் சொன்னதும் ஏறக்குறைய இதேதான். ஆனால் அவள் எழுத்தில் தரவில்லை.

இருந்தாலும், இரண்டு வாரம் கழித்து ஒரு சோதனை வந்தது. ஞாயிற்றுக்கிழமை பத்து மணி. யாரும் வரவில்லை. பத்தே கால். பத்தரை. நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஒரு பூனை வந்தது, போனது. தம்பி, நான் சொல்கிறேன், அலுவலகத்தில் ஆள் வராமல் உட்கார்ந்திருப்பது வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பதைவிடக் கொடுமை. வீட்டிலாவது கொத்தமல்லி கேட்பார்கள்.

எழுந்துவிட்டேன். வீட்டுக்குள் போய்த் துண்டை எடுத்துத் தோளில் போட்டேன். எங்கள் செம்பருத்தியில் அப்போது கொஞ்சம் மிச்சம் இருந்தது. ஒரு கொத்தை நறுக்கிப் பையில் வைத்தேன். படி ஏற ஆரம்பித்தேன். ஆறு படிகூட ஏறியிருக்க மாட்டேன்.

மேலேயிருந்து தடதடவென்று சத்தம். சரண்யா. செருப்புக்கூடப் போடாமல் ஓடி வருகிறது. ஒரு கையில் கவர், கவருக்குள் இலை. வந்த வேகத்தில் ஒரு கையால் சுவரையும் மறு கையால் கைப்பிடியையும் பிடித்துக்கொண்டு குறுக்கே நின்றது.

"சார்! சார்! நீங்க ஏன் சார் ஏர்றீங்க? நான்தான் வந்துக்கிட்டே இருக்கேனே!"

"ஒருத்தரையும் காணோமேம்மா. அதான் நானே ஒரு நடை பாத்துட்டு…"

"ஐயோ, வேண்டாம் சார். ஆபீஸ் நேரம் சார் இது. நீங்க சீட்ல இல்லைன்னா எப்படி?"

அதற்குள் பின்னால் பாய் வந்துவிட்டார். "சார், உங்க முட்டி என்ன ஆகுறது? இறங்குங்க, இறங்குங்க." மேல் மாடிக் கைப்பிடியிலிருந்து டீச்சர் எட்டிப் பார்த்து, "சார், அங்கேயே இருங்க, அசையாதீங்க" என்று கத்தினார். மேலேயும் மரியாதை, கீழேயும் மரியாதை. நடுவில் நான். பாய் என் தோளிலிருந்து துண்டை இரண்டு விரலால் தூக்கி எடுத்துக் கீழே கொண்டுபோய்ச் சோப்புத் தண்ணீர் டப்பாவில் போட்டார். வேர்த்திருக்கிறதாம்.

அன்றைக்குச் செடி இருக்கிற எல்லா வீட்டு இலையும் பத்து நிமிஷத்தில் வந்துவிட்டது. அதற்கப்புறம் ஒரு ஞாயிறுகூட தாமதம் கிடையாது. டீச்சர் அட்டவணையே போட்டுவிட்டார். பத்து மணிக்கு 1ஏ, பத்தே காலுக்கு 1சி என்று. சரண்யா ஒரு வாரம் ஊருக்குப் போனபோது தன் முறையை 3சியிடம் ஒப்படைத்துவிட்டுப் போனது. எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து நெரிசலாகக் கூடாது பாருங்கள். அவ்வளவு கிராக்கி.

பலன்? நோட்டு இருக்கிறது, நான் சொல்ல வேண்டியதில்லை. மே மாதம் மூன்று வீடு. ஜூன் முதல் வாரம் ஒரு வீடு, அது எங்கள் வீடு. கோமதி தினம் காலையில் அந்தச் செம்பருத்தியைக் குழாயில் பிடித்துக் கழுவி அதையும் ஒழித்துவிட்டாள். டிங்கு இப்போது என் முழங்கை உயரம். பாய் வீட்டு அம்மாவுக்கு டீச்சர் ஒரு மல்லிகைப் பதியன் போட்டுக்கொண்டிருக்கிறாராம், வேர் பிடித்ததும் கொடுப்பாராம். நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஒரு கட்டடத்தைச் சுத்தம் செய்தவன் மாநகராட்சி வரலாற்றிலேயே கிடையாது.

இப்போது ஆவணி. ஒன்பது வாரமாக ஒரு பூச்சிகூட இல்லை. கண்ணாடியை வைத்து இரண்டு பக்கமும் பார்க்கிறேன், இலை பளபளவென்று இருக்கிறது.

அப்புறம் ஏன் கொண்டுவருகிறார்கள் என்றுதானே கேட்கிறீர்கள்? நானும் யோசித்தேன். இவர்களுக்குச் சுத்தமான இலை எது, பூச்சி பிடித்த இலை எது என்று தெரியவில்லை. அவ்வளவுதான். படித்தவர்கள்தான், பெரிய உத்தியோகம் பார்க்கிறவர்கள்தான். ஆனால் ஓர் இலையைப் பார்த்துச் சொல்லத் தெரியாது. போன வாரம் 1சிகாரர், ஆமாம், அன்றைக்கு விரலை நீட்டினாரே அவர்தான், மழையில் குடை பிடித்துக்கொண்டு மூன்று இலை கொண்டுவந்தார். மூன்றிலும் ஒன்றுமில்லை. "நல்லா ஒரு தடவை பாருங்க சார்" என்று சொல்லிவிட்டு அரை மணி நேரம் உட்கார்ந்து என் சர்வீஸ் கதையெல்லாம் கேட்டுவிட்டுப் போனார். உறையூர்த் தொட்டிக் கதையை இரண்டாவது தடவை கேட்டார்.

இருங்க, யாரோ இறங்குகிறார்கள். பாய்தான். மணி பத்து.

"வாங்க பாய். உக்காருங்க. இவர் 2சி பார்க்க வந்திருக்கார். கவரைக் குடுங்க. என்ன பாய் இது, இந்த வாரம் வேப்பிலையா?"

"ஆமா சார். தெருமுனை மரத்துது."

"உங்க வீட்டிலதான் இப்ப செடியே இல்லையே?"

"இல்லதான் சார். இருந்தாலும் நம்ம முறை வந்துருச்சு. வெறுங்கையோட எப்படி வர்றது? நீங்க ஒரு தடவை பாத்துச் சொல்லிட்டா மனசு நிம்மதி."

பார்த்தீர்களா தம்பி, பொறுப்பு. இருங்க பாய், அவசரப்படாதீங்க. டார்ச்சை அந்தப் பக்கம் பிடிங்க. மேல்பக்கம் இல்லை. அடிப்பக்கம்… காம்பு… இல்லை. 1ஏ, வேம்பு, இல்லை. கையெழுத்துப் போட்டாச்சு. போயிட்டு வாங்க. அடுத்த வாரம் கொஞ்சம் முற்றின இலையாகப் பார்த்துக் கொண்டுவாங்க, இது ரொம்பத் தளிராக இருக்கிறது.

நல்ல மனுஷன். என்ன செய்வார்கள் தம்பி, நான் இல்லையென்றால் இவர்களுக்கு யார் இருக்கிறார்கள்?

அதோ, உங்கள் வீட்டுக்காரர் கார் வருகிறது. 2சியை எடுத்துக்கோங்க தம்பி, யோசிக்காதீங்க. கிழக்குப் பார்த்த பால்கனி, தண்ணீர்ப் பிரச்சினை கிடையாது. பத்தே முக்கால் மணிக்கு இங்கே ஆள் இல்லை, அதை உங்களுக்கு எழுதிவைத்துவிடுகிறேன். பெயர் என்ன சொன்னீர்கள்?